ஜி54 அமைத்தல்: குறியிலும் இசட்டிலும் கவனம்

கணினி நிரலால் இயங்கிப் பொருளை வெட்டும் சிஎன்சி மில்லிங் இயந்திரத்துக்கு மாறாத பூஜ்ஜியம் ஒன்று உண்டு. நிரல் எழுதுபவரோ வரைபடத்தில் உள்ள ஒரு மூலையையோ துளை மையத்தையோ பூஜ்ஜியமாகக் கொண்டு எழுதுகிறார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவையே ஜி54 முதல் ஜி59 வரையிலான ஆறு வொர்க் ஆஃப்செட்டுகளில் (பொருளின் பூஜ்ஜிய இடத்தைச் சேமிக்கும் பதிவிடங்களில்) பதிவு செய்கிறோம்.

வைஸில் (இரு தாடைகளுக்கிடையே இறுக்கும் பிடியில்) பிடிக்கும் பொருளுக்கு ஒய் பூஜ்ஜியத்தை நிலையான தாடையிலேயே வையுங்கள். நகரும் தாடையில் வைத்தால், துண்டுக்குத் துண்டு அகலம் மாறும்போது பூஜ்ஜியமும் இடம் மாறிவிடும்.

10 மிமீ விட்டமுள்ள எட்ஜ் ஃபைண்டர் என்னும் விளிம்பறியும் கருவியைச் சுழலவிட்டுப் பொருளின் இடது விளிம்பை மெல்ல நெருங்குங்கள். தள்ளாடிக்கொண்டிருந்த கீழ்முனை நேராகி, சட்டென்று ஒருபக்கம் விலகும் கணத்தில் இயந்திர அளவு (இயந்திரப் பூஜ்ஜியத்திலிருந்து கணக்கிட்ட இடம்) −425.320 எனக் காட்டுவதாகக் கொள்வோம். அப்போது ஸ்பிண்டிலின் (வெட்டும் டூலைப் பிடித்துச் சுழற்றும் தண்டின்) மையம் விளிம்புக்கு 5 மிமீ இடப்புறம் நிற்கிறது. எனவே ஜி54-இன் எக்ஸ் மதிப்பு −420.320. குறி தவறி −430.320 என்று பதிந்தால், வெட்டு முழுவதும் 10 மிமீ தள்ளி விழும். மதிப்பைத் தட்டும்போது தசமப் புள்ளியை விடாதீர்கள். பல கட்டுப்பாட்டுக் கணினிகளில் புள்ளியில்லாத 5 என்பது 0.005 மிமீ ஆகிவிடும்.

பெரிய விபத்துகள் நேர்வது மேல்-கீழ் அச்சான இசட்டில்தான். ஒவ்வொரு டூலையும் பொருளின் மேற்பரப்பில் தொட்டு, அந்த இயந்திர அளவை எச் ஆஃப்செட்டில் (அந்த டூலின் நீளத்துக்கான பதிவிடத்தில்) எழுதினால், ஜி54-இன் இசட் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். டூலின் உண்மையான நீளத்தை எச்-இல் எழுதினால், இயந்திரப் பூஜ்ஜியத்தில் நிற்கும் ஸ்பிண்டில் முகத்திலிருந்து பொருளின் மேற்பரப்பு வரையிலான தொலைவு ஜி54-இன் இசட்டில் இருக்க வேண்டும். இரண்டும் நல்ல முறைகளே. ஒரே இயந்திரத்தில் இரண்டையும் கலப்பது மட்டும் கூடவே கூடாது.

வெட்டத் தொடங்குமுன், ரேபிட் (வெட்டாமல் விரைந்து நகரும்) வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வரியாக நின்று இயங்கும் சிங்கிள் பிளாக்கில், கட்டளையை நேரடியாகத் தட்டும் எம்டிஐ வழியாக "ஜி90 ஜி54 ஜி0 எக்ஸ்0 ஒய்0" கொடுத்து, பிறகு டூல் நீளத்தைக் கணக்கில் சேர்க்கும் "ஜி43 எச்1 இசட்100." கொடுங்கள். டூல் முனைக்கும் பொருளுக்கும் இடையே எஃகு அளவுகோலை நிறுத்திப் பாருங்கள்; 100 மிமீ இல்லையென்றால் நிரலைத் தொடங்காதீர்கள்.

முதல் துண்டை அளக்கும்போது ஒரே டூல் வெட்டிய ஆழம் மட்டும் 0.05 மிமீ பிசகியிருந்தால், அந்த டூலின் தேய்மான மதிப்பைத் திருத்துங்கள். எல்லா டூல்களும் ஒரே அளவு பிசகியிருந்தால் மட்டுமே ஜி54-ஐத் தொடுங்கள்.