ஹீட் பம்ப்பில் சென்சார் பிழை: மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தி அறையையோ தண்ணீரையோ சூடாக்கும் கருவியான ஹீட் பம்ப்பில், வெப்பநிலைச் சென்சார் பிழைக் குறியீடு தெரிந்தவுடன் புதிய சென்சாரை வாங்கி மாட்டிவிடுவது தொழிலுக்குப் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. நம்பத்தக்க அளவீடு கட்டுப்பாட்டு போர்டுக்கு வந்து சேரவில்லை என்பதை மட்டுமே அந்தக் குறியீடு தெரிவிக்கிறது. குறை சென்சாரிலோ, வயரிலோ, கனெக்டரிலோ, அரிதாக போர்டிலோ இருக்கலாம்.

முதலில் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, அது எந்தச் சென்சாரைச் சுட்டுகிறது என்பதை அதே மாடலின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். வெளிக்காற்று, காயில் (வெப்பத்தை வாங்கும் அல்லது விடும் சுருள் குழாய்), கம்ப்ரசர் வெளியேற்றக் குழாய், தண்ணீர் என ஒவ்வொன்றுக்கும் தனிச் சென்சார் உண்டு. ஒரே எண் வெவ்வேறு தயாரிப்புகளில் வெவ்வேறு பொருள் தரும்.

அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி ஸ்விட்சைப் பூட்டுங்கள். கம்ப்ரசரின் வேகத்தை மாற்றி இயங்கும் இன்வெர்ட்டர் வகைகளின் கெப்பாசிட்டர்களில் அதன் பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்பதால், கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, மீட்டரால் அளந்து உறுதி செய்த பின்னரே கை வையுங்கள். பயிற்சி பெறாத வீட்டு உரிமையாளர்கள் மூடியைத் திறக்காமல் தொழில்நுட்பரை அழைப்பதே சரி.

இப்போது வயரைக் கண்ணால் பின்தொடருங்கள். அதிர்வினால் குழாயில் உரசித் தேய்ந்த இடம், எலி கடித்த தடம், கனெக்டர் முனையில் பச்சை பூத்த துரு ஆகியவற்றைத் தேடுங்கள்.

மின்தடையை அளப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. கனெக்டரை போர்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். இவை பெரும்பாலும் வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர்கள். பரவலாகப் பயன்படும் 10 கிலோ ஓம் வகை 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓமும், ஐஸ் கலந்த தண்ணீரில் சுமார் 27 முதல் 33 கிலோ ஓம் வரையும், 50 டிகிரியில் ஏறத்தாழ 4 கிலோ ஓமும் காட்டும். மீட்டர் அளவைத் தாண்டியதாக (OL) காட்டினால் இணைப்பு அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். அளக்கும்போதே வயரை மெல்ல அசையுங்கள், விட்டு விட்டு வரும் பிழை அப்போதுதான் பிடிபடும். வெளியேற்றக் குழாய்ச் சென்சாரின் மதிப்பு பல மாடல்களில் இதைவிட மிக அதிகம். குளிரில் அது நூறு கிலோ ஓமைத் தாண்டுவதைப் பார்த்து அறுந்துவிட்டது என்று முடிவு செய்யாமல், கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

சென்சாரும் வயரும் சரியாக இருந்தால், 10 கிலோ ஓம் வகைக்குரிய சாக்கெட்டில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி, மூடியைப் பொருத்தி மின்சாரம் கொடுங்கள். திரை 25 டிகிரியை ஒட்டிக் காட்டாவிட்டால் குறை போர்டில் இருக்கிறது.

சென்சாரே பழுது எனத் தெரிந்தால், மீண்டும் மின்சாரத்தைத் துண்டித்து, அதே மாடலுக்குரியதை வெப்பம் கடத்தும் பசை தடவிப் பொருத்தி, கிளிப்பால் இறுக்கி, இன்சுலேஷனால் மூடுங்கள். பெரும்பாலான சென்சார்கள் குழாயின் வெளிப்புறத்திலோ அதற்கான உறையிலோ அமர்ந்திருப்பதால் குளிரூட்டும் வாயு ஓடும் குழாயைத் திறக்க வேண்டியதில்லை. தளர்வாக விடப்பட்ட சென்சார் பிழைக் குறியீடே இல்லாமல் தவறான வெப்பநிலையைக் காட்டி, காயிலில் படியும் பனியை உருக்கும் பனி நீக்கும் சுழற்சியைக் குலைத்துவிடும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

இறுதியாகக் குறியீட்டை நீக்கி, சர்வீஸ் மெனுவில் தெரியும் வெப்பநிலைகளைத் தனித் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். மாற்றியது காயில் சென்சார் எனில், ஒரு பனி நீக்கும் சுழற்சி முழுமையாக முடியும்வரை அருகிலேயே இருந்து கவனியுங்கள்.