பொறியியல் மாணவர் தமக்கேற்ற கேட் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி

எந்த கேட் (CAD, கணினிவழி வடிவமைப்பு) மென்பொருள் சிறந்தது என்ற கேள்விக்குப் பயனுள்ள விடை எதுவும் கிடைக்காது. இன்று தொழிற்சாலைகளில் புழங்கும் முக்கிய மென்பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரு மாணவருக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு திறன் கொண்டவை. திறன்களின் பட்டியலை அடுக்கடுக்காக ஒப்பிட்டுப் பார்ப்பதால் குழப்பமே மிஞ்சும். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எதை வடிவமைக்கப் போகிறோம், யாருடன் சேர்ந்து வடிவமைக்கப் போகிறோம், வரைந்து முடித்த கோப்பு எங்கே போய்ச் சேரும் என்ற மூன்றையும் முதலில் எழுதிக்கொண்டால், பாதி மென்பொருள்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விலகிவிடும்.

துறையே முதல் வடிகட்டி. கட்டுமானப் பொறியியல் மாணவருக்கு ஆட்டோகேட் இன்றும் அடிப்படைத் தேவை. 1982இல் வெளிவந்த அதன் டிடபிள்யூஜி கோப்பு வடிவம் கட்டுமான உலகில் ஏறத்தாழப் பொதுமொழியாகவே இருந்து வருகிறது. அதற்குமேல் கட்டடங்களுக்கு ரெவிட்டும், சாலை, வடிகால் போன்ற பணிகளுக்குச் சிவில் 3டியும் கற்பது நலம். மின்னணுவியல் மாணவர் சர்க்யூட் போர்டு வடிவமைப்புக்குக் கிகேட் அல்லது ஆல்டியம் பக்கம் செல்ல வேண்டும். இவற்றுள் கிகேட் திறந்த மூல மென்பொருள், இலவசமாகக் கிடைப்பது. இவ்விரு துறையினருக்கும் தேர்வு எளிது. உண்மையான தடுமாற்றம் இயந்திரவியல், உற்பத்தி, வாகனம், வானூர்தி ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்களுக்குத்தான். எனவே இனி வருவது பெரும்பாலும் அவர்களுக்காகவே.

இயந்திரவியல் மென்பொருள்களை மூன்று தொகுதிகளாகப் பார்க்கலாம். கேட்டியா, என்எக்ஸ், க்ரியோ ஆகியவை பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான பாகங்களைக் கையாளப் பயன்படுத்துபவை. 1994இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 777 விமானம் கேட்டியாவில் வடிவமைக்கப்பட்டது. சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், சாலிட் எட்ஜ் ஆகியவை நடுத்தர நிறுவனங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் பரவலாகக் காணப்படுபவை. ஃபியூஷன், ஆன்ஷேப், ஃப்ரீகேட் ஆகியவை தனி மாணவர் தம் சொந்தக் கணினியில் எளிதில் தொடங்கத்தக்கவை. பெயர்கள் இத்தனை இருந்தாலும் அடிப்படைச் சிந்தனை ஒன்றுதான். முதலில் ஸ்கெட்ச் (ஒரு தளத்தில் வரையும் தட்டையான வரைவு) வரைந்து, அளவுகளாலும் கட்டுப்பாடுகளாலும் அதை உறுதிப்படுத்தி, திண்ம வடிவமாக்கி, பின்னர் எந்த அளவை மாற்றினாலும் வடிவம் முழுவதும் தன்னைத் திருத்திக்கொள்ளும் பாராமெட்ரிக் முறையை, க்ரியோவின் முன்னோடியான புரோ என்ஜினியர் 1980களின் இறுதியில் தொழில்துறைக்குக் கொண்டுவந்தது. மற்றவை பெரும்பாலும் அவ்வழியிலேயே வந்தன. சாலிட்வொர்க்ஸ், என்எக்ஸ், சாலிட் எட்ஜ், ஆன்ஷேப் ஆகிய நான்கும் பாராசாலிட் என்ற ஒரே வடிவியல் உட்கருவின், அதாவது வடிவங்களைக் கணக்கிடும் உள்நிரலின், மீது இயங்குகின்றன என்பதைப் பல மாணவர்கள் அறிவதில்லை. ஒன்றை ஆழமாகக் கற்றவருக்கு அடுத்ததற்கு மாறுவது பெரும் சுமையாக இராது. ஆகவே, தவறான மென்பொருளைத் தேர்ந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் மாதக்கணக்கில் தயங்கி நிற்பதற்குக் காரணம் ஏதுமில்லை.

கணினியைப் பற்றிய முடிவை விரைவாக எடுத்துவிடலாம். சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், சாலிட் எட்ஜ் ஆகியவற்றுக்கு விண்டோஸ் வேண்டும். ஃபியூஷன் விண்டோஸிலும் மேக்கிலும் இயங்கும். ஃப்ரீகேட் இவ்விரண்டோடு லினக்ஸிலும் இயங்கும். ஆன்ஷேப் பிரவுசருக்குள்ளேயே இயங்குவதால் எளிய மடிக்கணினியும் போதும். ஆனால் இணைய இணைப்பு இல்லாத இடத்தில் வேலையும் இல்லை.

பட்டியல் இரண்டு மூன்று பெயர்களாகச் சுருங்கிய பிறகு செய்ய வேண்டியது ஒரு சோதனை. விளம்பரக் காணொளிகளைப் பார்ப்பதைவிட இச்சோதனைக்குச் செலவிடும் அரை நாள் பன்மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரே பாகத்தைச் செய்து பாருங்கள். 100 மிமீ நீளம், 60 மிமீ அகலம், 10 மிமீ தடிமன் கொண்ட ஓர் அடித்தட்டை உருவாக்கி, அதில் 12 மிமீ விட்டமுள்ள இரண்டு துளைகளை இடுங்கள். இந்நிலையில் எஃகு என்று பொருளைக் குறிப்பிட்டு நிறையைக் கேளுங்கள். தட்டின் கன அளவு 60,000 கன மிமீ. இரு துளைகளுக்காகச் சுமார் 2,262 கன மிமீ கழிந்து 57,738 கன மிமீ எஞ்சும். எஃகின் அடர்த்தியை ஒரு கன செமீக்கு 7.85 கிராம் எனக் கொண்டால் நிறை ஏறத்தாழ 453 கிராம் வர வேண்டும். மென்பொருள் தரும் எண்ணைக் கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்பார்க்கும் இப்பழக்கம் எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் உடன்வர வேண்டிய ஒன்று. அலகைத் தவறாக வைத்திருந்தால் அது இந்த இடத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

அதன்பின் தட்டின் ஓரத்தில் ஒரு செங்குத்துச் சுவரை எழுப்பி, சுவரையும் தட்டையும் இணைக்கும் ஒரு தாங்கு விலாவைச் சேர்த்து, விளிம்புகளில் 5 மிமீ ஃபில்லட் (விளிம்பை உருட்டும் வளைவு) கொடுங்கள். இதுவரை எல்லா மென்பொருள்களும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு புலப்படுவது இனிமேல்தான். முதல் ஸ்கெட்சுக்குத் திரும்பிச் சென்று 100 மிமீ என்பதை 140 மிமீ ஆக்குங்கள். துளைகள் விளிம்பிலிருந்து அதே தொலைவில் நகர்ந்தனவா, சுவர் தன் இடத்தில் நின்றதா, ஃபில்லட் உடைந்ததா என்று கவனியுங்கள். பிறகு இரண்டு துளைகளை நான்காக்குங்கள். தொடக்கத்தில் செய்த ஏதேனும் ஓர் அம்சத்தை (துளை, சுவர் போன்ற ஒரு வடிவமைப்புப் படியை) நீக்கிப் பாருங்கள். பிழை வருவது இயல்பு. அந்தப் பிழை எங்கே, ஏன் வந்தது என்பதை மென்பொருள் எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதே நீங்கள் அளக்க வேண்டியது. மாணவர் திட்டப்பணியில் அளவுகள் கடைசி வாரம்வரை மாறிக்கொண்டே இருக்கும். மாற்றத்தைத் தாங்காத மாதிரியால் பயனில்லை.

ஃப்ரீகேட்டைச் சோதிப்பவர் இவ்விடத்தில் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். முந்தைய அம்சத்தை மாற்றும்போது முகங்களின் உட்பெயர்கள் மாறிவிட, அவற்றைச் சார்ந்த பிந்தைய ஸ்கெட்சுகள் இடம் தவறும் குறை அதில் நெடுங்காலம் இருந்தது. 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பு அதைப் பெருமளவு தணித்திருக்கிறது. எனவே பழைய பதிப்பைக் கொண்டு அதை மதிப்பிட்டுவிடக் கூடாது. ஆயினும் ஸ்கெட்சுகளைப் பாகத்தின் முகங்களின் மேல் வைப்பதைவிட அடிப்படைத் தளங்களோடு இணைப்பதே எந்த மென்பொருளிலும் பாதுகாப்பான வழி.

சோதனையின் அடுத்த பகுதி வரைபடம். பாகத்திலிருந்து முன்தோற்றம், மேல்தோற்றம், வெட்டுத்தோற்றம் ஆகியவற்றை எடுத்து, அளவுகளையும் டாலரன்ஸையும் (அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாட்டையும்) குறித்து, தோற்றங்களைத் தாளில் அடுக்கும் இரு முறைகளான முதற்கோண வீச்சுக்கும் மூன்றாங்கோண வீச்சுக்கும் மாற்றிப் பாருங்கள். பணிமனையில் இருப்பவர் கையில் எடுப்பது பெரும்பாலும் இந்தத் தாளைத்தான். 3டி மாதிரியை அழகாகக் காட்டும் மென்பொருள் வரைபடத்தில் தடுமாறினால் அதன் மதிப்பைக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும். இறுதியாகப் பாகத்தை ஸ்டெப் கோப்பாக ஏற்றுமதி செய்து இன்னொரு மென்பொருளில் திறந்து, கன அளவு மாறாமல் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஐஎஸ்ஓ 10303 என்ற தரத்தின்கீழ் வரும் ஸ்டெப், வடிவத்தை நம்பகமாகக் கொண்டுசெல்லும். ஆனால் அந்த வடிவம் உருவான வரலாற்றை, அதாவது ஸ்கெட்சுகளையும் அம்சங்களின் வரிசையையும், பொதுவாகக் கொண்டுசெல்லாது. அவ்வாறு வந்துசேரும் வரலாறற்ற பாகத்தை நேரடியாக இழுத்து மாற்றும் வசதி எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். சாலிட் எட்ஜ் 2008 முதல் இதைத் தன் சிறப்பாக வளர்த்து வந்திருக்கிறது.

குழுவாகப் பணியாற்றுவோர் பதிப்பு எண்ணையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் வடிவமைப்பில் ஹாம்பர்க் குழுவினர் கேட்டியாவின் 4ஆம் பதிப்பையும், தூலூஸ் குழுவினர் 5ஆம் பதிப்பையும் பயன்படுத்தியது, மின்கம்பித் தொகுப்புகள் விமானத்தில் பொருந்தாமல் போனதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகியது; 2006இல் அறிவிக்கப்பட்ட நீண்ட தாமதத்தின் பின்னணி அது. ஒரே பெயருடைய மென்பொருளுக்கே இந்நிலை என்றால், கல்லூரிப் போட்டிக்காக வாகனம் செய்யும் குழுவில் நால்வர் நான்கு மென்பொருளில் வரைவது எவ்வளவு இடர் தரும் என்பதை எண்ணிப் பாருங்கள். புதிய பதிப்பில் சேமித்த சாலிட்வொர்க்ஸ் கோப்பு பழைய பதிப்பில் நேரடியாகத் திறக்காது. ஓரிரு பதிப்புகள் பின்னோக்கிச் சேமிக்கும் வசதி அண்மையில் வந்துள்ளபோதும், குழுவினர் அனைவரும் ஒரே பதிப்பில் இருப்பதே நல்லது.

உரிம விதிகளைப் படிக்காமல் கடந்துவிடுவோர் மிகுதி. மாணவர் உரிமங்கள் பொதுவாகக் காலவரையறை கொண்டவை; வணிகப் பணிக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்பவை; சில, கோப்புக்குள்ளேயே கல்விப் பயன்பாட்டுக் குறியைப் பதிப்பவை. ஆன்ஷேப்பின் இலவசத் திட்டத்தில் உருவாக்கும் ஆவணங்கள் எவரும் காணத்தக்கவையாக இருக்கும். காப்புரிமை பெறும் எண்ணமுள்ள வடிவமைப்பை அங்கே வைப்பது கூடாது. கல்வித் திட்டத்தின் விதிகள் வேறு என்பதால் பதிவு செய்யும்முன் இரண்டையும் படித்துவிடுங்கள்.

ஆய்வகத்திலோ குழுவிலோ ஏற்கெனவே ஒரு பாராமெட்ரிக் மென்பொருள் புழக்கத்தில் இருந்தால், அதையே தேர்ந்தெடுங்கள். ஐயம் எழும்போது பக்கத்தில் அமர்ந்து விளக்க ஒருவர் இருப்பது எந்தக் கூடுதல் வசதியையும்விட மேலானது. அப்படி எதுவும் இல்லாதபோது, பாகத்தை வரைந்து அதே இடத்திலேயே சிஎன்சி (கணினியால் இயக்கப்படும்) இயந்திரத்துக்கான வெட்டுப்பாதையையும் தயாரிக்க விரும்புபவருக்கு ஃபியூஷன் பொருந்தும். எளிய கணினியும் நல்ல இணைய இணைப்பும் உடையவருக்கு ஆன்ஷேப். லினக்ஸ் பயன்படுத்துபவருக்கும் உரிமக் காலம் முடியும் கவலையின்றித் தொடர விரும்புபவருக்கும் ஃப்ரீகேட். வாகன உடற்பகுதி, விமானப் பரப்பு போன்ற சிக்கலான வளைபரப்புகளில் பணியாற்ற விரும்புபவர், திண்ம வடிவமைப்பில் கை தேர்ந்த பிறகு கேட்டியாவுக்கோ என்எக்ஸுக்கோ செல்லலாம்; அவற்றிலேயே தொடங்கினால் அடிப்படைக்கு முன்பே பட்டிகளின் (மெனுக்களின்) அடர்த்தி மாணவரைச் சோர்வடையச் செய்யும். மென்பொருளுடன் வரும் தகைவுப் பகுப்பாய்வின் (பாகத்துக்குள் எழும் அழுத்தத்தைக் கணிக்கும் வசதியின்) வண்ணப் படங்களை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். எல்லை நிலைகளை, அதாவது பாகம் எங்கே பிடிக்கப்படுகிறது, விசை எங்கே விழுகிறது என்பவற்றை, சரியாகக் கொடுக்கத் தெரியாதவருக்கு அப்படங்கள் பொய்யான நம்பிக்கையையே தரும்.

தேர்ந்தெடுத்த மென்பொருளில் முதல் திட்டப்பணியைத் தொடங்கும் நாளிலிருந்தே, ஒவ்வொரு முக்கியக் கட்டத்திலும் மூலக் கோப்போடு ஒரு ஸ்டெப் பிரதியையும் வரைபடத்தின் பிடிஎஃப் பிரதியையும் தனிக் கோப்புறையில் சேமித்து வாருங்கள். மாணவர் உரிமம் முடிந்து மூலக் கோப்பைத் திறக்க இயலாமல் போனாலும், நேர்காணலில் காட்டுவதற்கும் வேறொரு மென்பொருளில் பணியைத் தொடர்வதற்கும் அவ்விரண்டும் கைவசம் இருக்கும்.