ப்ரீமெட் மாணவர்களே, ஷேடோயிங்குக்கு யாரைக் கேட்பது?

அமெரிக்காவில் ப்ரீமெட் (மருத்துவக் கல்லூரியில் சேரத் தயாராகும் படிப்பு) படிப்பவர்கள் பலர் ஷேடோயிங்குக்கு, அதாவது ஒரு டாக்டர் கூடவே இருந்து அவர் வேலையைப் பார்ப்பதற்கு, எடுத்தவுடன் பெரிய மருத்துவமனைக்கு ஈமெயில் போடுகிறார்கள். அங்கே தடுப்பூசிச் சான்று, டிபி பரிசோதனை, ஹிப்பா (நோயாளி விவரங்களை ரகசியமாகக் காக்கும் சட்டம்) பயிற்சி என்று வாரங்கள் ஓடிவிடும். முதலில் உங்கள் குடும்ப டாக்டரையோ, சிறுவயதில் பார்த்த குழந்தை மருத்துவரையோ கேளுங்கள். சொந்த கிளினிக் வைத்திருப்பவர் என்றால் அவரே முடிவு சொல்லிவிடலாம். "ஒரே ஒரு நாள் வந்து பார்க்கட்டுமா?" என்று சின்னதாகக் கேட்டால் போதும்.

ஆராய்ச்சி அனுபவத்துக்கு லேப் தேடுகிறீர்களா? அதற்கு என்ஐஹெச் (மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பு) நடத்தும் ரிப்போர்ட்டர் தளம் இருக்கிறது, இலவசம்தான். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொடுத்துத் தேடினால் எந்தப் பேராசிரியருக்கு இப்போது என்ஐஹெச் நிதி வருகிறது என்று தெரியும். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஐந்தாறு வரியில் எழுதுங்கள்: எது பிடித்தது, வாரம் எத்தனை மணி நேரம் வர முடியும், எத்தனை செமஸ்டர் இருப்பீர்கள். கடைசியில் சொன்னதுதான் அவர்களுக்கு முக்கியம். வேலை பழக்கிய பையன் மூன்றே மாதத்தில் ஓடினால் யாருக்குத்தான் கோபம் வராது? பதில் வராவிட்டால் அதே லேபில் உள்ள போஸ்ட்டாக்கிடம் (பிஎச்டி முடித்துவிட்டு அங்கே ஆராய்ச்சி செய்பவர்) கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், தேதி, மணிக்கணக்கு, டாக்டர் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள். மருத்துவக் கல்லூரிகளுக்கான ஆம்காஸ் பொது விண்ணப்பத்தில் கேட்பார்கள். நோயாளி பெயர் மட்டும் அந்தக் குறிப்பில் வரவே கூடாது.