வயிற்று அரிப்புக்கு எண்ணெய், உள்ளங்கை அரிப்புக்கு டாக்டர்: பிள்ளைத்தாய்ச்சிக்கான தோல் பராமரிப்பு

ஐந்தாம் மாதம் என் கன்னத்தில் மங்கு விழுந்தது. அத்தை பார்த்துவிட்டுப் பெண் குழந்தை என்றார். எதிர்வீட்டுப் பாட்டி ஆண் என்றார். இருவரில் ஒருவருக்கு வாக்கு பலித்தது, இன்றுவரை அந்தப் பெருமை ஓயவில்லை. மங்குக்கும் குழந்தைக்கும் சம்பந்தமே இல்லை. கர்ப்பகால ஹார்மோன்களும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலை அது. தொப்புளுக்குக் கீழே ஓடும் கருங்கோடும் அப்படித்தான்.

படி 1: குளியல்

சுடச்சுடத் தண்ணீர் வேண்டாம்; வெதுவெதுப்பு போதும். நலங்கு மாவு பழக்கமானது என்றால் மெல்லப் பூசிக் கழுவுங்கள், தேய்த்து உரிக்க வேண்டாம். துவட்டிய ஈரம் காய்வதற்குள் வயிறு, இடுப்பு, தொடைகளில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் வறட்சியும் அரிப்பும் குறையும். கத்திரி வெயிலில் கும்பகோணம் பக்கத்துப் புழுக்கத்துக்கு இரண்டு சொட்டே அதிகம். வழிய வழியப் பூசினால் வேர்க்குருதான் மிச்சம்.

வயிற்று வரிகளை எண்ணெய் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். எந்த விலையுயர்ந்த க்ரீமும் தடுப்பதாக உறுதியாகவில்லை. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். பிரசவத்துக்குப் பின் மாதக்கணக்கில் நிறம் மங்கி வெளுக்கும், முற்றாக மறையாது.

படி 2: வெயில்

மங்கு கருக்காமல் இருக்க முதல் மருந்து குடை. பத்து மணிக்கு மேல் நான்கு மணி வரை வெளியே போவதைக் குறையுங்கள். முடியாதவர்கள் துத்தநாக ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு உள்ள, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். தோல் நிறச் சாயம் கலந்தது மங்குக்கு இன்னும் நல்லது.

படி 3: அலமாரியைக் காலி செய்வது

பருவுக்கும் மங்குக்கும் வாங்கிய க்ரீம் ட்யூபின் பின்புறப் பொடி எழுத்தைப் படியுங்கள். டிரெட்டினோயின், அடாபலீன், ஹைட்ரோகுயினோன் என்றிருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை கருவுக்குக் கடுமையான ஊனம் விளைவிக்கக்கூடியது. அதைச் சாப்பிட்டு வந்தவர்கள் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் வெளுப்பு க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, சிலவற்றில் பாதரசமும் இருந்திருக்கிறது. எனக்கும் ஒரு கடைக்காரர் 'மங்குக்குப் பெஸ்ட்' என்று ஒன்றை நீட்டினார். படித்துப் பார்த்தேன், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு மூன்றும் அதிலேயே இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பருத் தொல்லை தாங்கவில்லை என்றால் அசலாயிக் அமிலம் போன்ற, கர்ப்பத்தில் பயன்படுத்தக்கூடிய மருந்துகள் உண்டு. டாக்டர் எழுதித் தரட்டும்.

படி 4: அரிப்பைப் பிரித்தறிவது

இந்தப் படியை மட்டும் மறக்காதீர்கள். வயிறு விரியும்போது அதன் மேல்தோல் அரிப்பது சகஜம். கடைசி மாதங்களில் வயிற்று வரிகளிலேயே தொடங்கித் தொப்புளை விட்டுவிட்டுத் தடித்துப் பரவும் சிவப்புத் தடிப்பும் உண்டு. தொல்லையே தவிர குழந்தைக்கு ஆபத்தில்லை.

ஆனால் தோலில் ஒரு தடிப்பும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, இரவானால் தூக்கமே போனால், அது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குப் பிறகு வரும். சிறுநீர் கருத்துப் போவது, கண் மஞ்சளாவது கூடச் சேரலாம், சேராமலும் போகலாம். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இது ஆபத்தாகலாம். 'சூடு, இளநீர் குடி' என்று வீட்டில் சொல்வார்கள். குடியுங்கள், குடித்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பித்த அமிலத்துக்கும் கல்லீரலுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

நடவு, களை என்று சேற்றில் நிற்பவர்கள் வீடு திரும்பியதும் கால்விரல் இடுக்கைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். சேற்றுப்புண் வந்தால் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் போடாதீர்கள். மார்பின் அடிமடிப்புக்கும் தொடை இடுக்குக்கும் இதே பேச்சு: பருத்தித் துணி, ஈரமில்லாமை.

படி 5: பிரசவத்துக்குப் பின்

சிசேரியன் தையலில் மஞ்சளோ பவுடரோ எண்ணெயோ படக்கூடாது, யார் சொன்னாலும் சரி. சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் உடனே காட்டுங்கள். முலைக்காம்பு வெடித்தால் குழந்தை வாய் வைக்கும் விதத்தைச் செவிலியரிடம் சரிபாருங்கள்; வலி பெரும்பாலும் அங்கேதான் தீரும். சோப்பு போடாதீர்கள், பாலூட்டி முடித்துச் சொந்தப் பாலில் இரண்டு சொட்டுத் தடவிக் காயவிடுங்கள்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். காலக்கணக்கு ஏறக்குறைய சரி: இரண்டு, மூன்று மாதத்தில் தொடங்கும். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் ஹார்மோன் இறங்கியதும் ஒன்றாகக் கழல்கிறது, பழி குழந்தையின் சிரிப்புக்கு. முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.