ராக் கிராலரில் ஸ்லிப்பர் கிளட்ச்: வைத்துக்கொள்வதா, லாக் செய்வதா?

புதிதாக ஆர்.சி. கிராலர் (பாறைமேல் ஊர்ந்து ஏறும் ரிமோட் கார்) வாங்கியவர்கள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி, "ஸ்லிப்பரை லாக் பண்ணிடலாமா?" ஸ்லிப்பர் என்பது விசை அளவுக்கு மீறினால் வழுக்கிவிடும் கிளட்ச். லாக் என்றால் அது வழுக்காதபடி இறுக்கிவிடுவது. என் பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அதைச் சரியாக டைட் வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். லாக் செய்தே ஆகவேண்டிய தேவை பலருக்கு வராது.

மோட்டார் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியன், பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரைச் சுழற்றுகிறது. ஸ்பர் கியர் ஷாஃப்ட்டோடு நேரடியாகப் பிணைக்கப்படவில்லை. உராய்வு பேட் வைத்த தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. ஒரு ஸ்பிரிங்கும் நட்டும் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. சக்கரம் எங்காவது சிக்கி, மோட்டார் விடாமல் தள்ளினால் ஸ்பர் கியர் மட்டும் வழுக்கிச் சுற்றும். வீட்டு ஃபியூஸ் செய்கிற வேலைதான் இது.

துள்ளி ஓடும் 'பக்கி' ரக ஆர்.சி. கார்களில் பவரை அடக்கிக் கொடுக்கவும் இது உதவும். கிராலர் ஊர்ந்து போகிற வண்டி. அங்கே அந்தப் பயன் குறைவு. இரண்டு பாறைகளுக்கு இடையில் ஒரு டயர் செருகிக்கொள்ளும்போதுதான் ஸ்லிப்பரின் அருமை தெரியும். டிஃப் லாக் ஆன (இடது, வலது சக்கரங்கள் சேர்ந்தே சுற்றும்) வண்டியில், நாலு சக்கரத்துக்கும் பிரிந்து போக வேண்டிய விசையில் பெரும்பங்கு அந்த ஒரு சக்கரத்தின் ஷாஃப்ட்டில் போய் ஏறும்.

அப்படியிருந்தும் போட்டிக்காரர்கள் பலர் லாக் செய்கிறார்களே? காரணம், இறக்கம். த்ராட்டிலை விட்டதும் டிராக் பிரேக் மோட்டாரை நிறுத்திப் பிடிக்கும். அந்தப் பிடி சக்கரத்துக்குப் போவதும் இதே கிளட்ச் வழியாகத்தான். கிளட்ச் லூஸாக இருந்தால் மோட்டார் நின்றாலும் வண்டி கீழே சறுக்கும்.

படி 1: எவ்வளவு பிடிப்பு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

ஆக்சியல் நிறுவனத்தின் முதல் தலைமுறை எஸ்.சி.எக்ஸ்.10 கிராலரை எடுத்துக்கொள்வோம். கியர்பாக்ஸ் விகிதம் 2.6:1. ஆக்ஸிலில் 38/13 பல், அதாவது 2.92:1. இரண்டையும் பெருக்கினால் சுமார் 7.6. ஸ்லிப்பர் இந்த இரண்டுக்கும் முன்னால் இருக்கிறது.

வண்டி 2.5 கிலோ, டயரின் ஆரம் 5.7 செ.மீ. என்று வையுங்கள். செங்குத்தான பாறையில் முழு எடையையும் தூக்க, சக்கரத்தில் 2.5 × 5.7 = 14.25 கிலோ-செ.மீ. டார்க் (சுழற்றும் விசை) வேண்டும். அதை 7.6-ஆல் வகுத்தால் ஸ்லிப்பரில் 2 கிலோ-செ.மீ.கூட வரவில்லை! கியர் உராய்வையும் சேர்த்து அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 4, வைத்தாலே தாராளம். ஆகவே ஏற்றத்தில் ஸ்லிப்பர் வழுக்குகிறது என்றால், பெரும்பாலும் நட் லூஸ் அல்லது பேடில் எண்ணெய்.

படி 2: சுத்தம்

பேட்டரியைக் கழற்றிவிட்டு கியர் கவரைத் திறங்கள். நட், ஸ்பிரிங், தகடுகளை எடுத்த வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேடையும் தகடையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பேட் கண்ணாடிபோல மின்னினால் நைஸ் உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். இங்கே ஒரு துளி கிரீஸ்கூடப் படக்கூடாது.

படி 3: டைட் வைப்பது

மேனுவலில் அளவு இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்வரை நட்டை இறுக்கி, அரைச் சுற்று பின்னால் விடுங்கள். நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேய்ந்து கையாலேயே சுற்ற வந்தால், புது நட் போடுங்கள்.

படி 4: கையால் சோதனை

ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஸ்பர் கியரின் பல்லைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். லேசாகத் தள்ளினால் அசையக்கூடாது. நன்றாக அழுத்தித் தள்ளினால் வழுக்க வேண்டும். 87 பல் ஸ்பர் கியரின் ஆரம் சுமார் 2.3 செ.மீ. அதன் விளிம்பில் 1.7 கிலோ அளவு அழுத்தினால் நாம் கணக்கிட்ட 4 கிலோ-செ.மீ. வந்துவிடும்.

படி 5: மார்க்கர் கோடு

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஸ்பர் கியரிலிருந்து வெளித் தகடுவரை மார்க்கரால் நேராக ஒரு கோடு போடுங்கள். கவரை மூடி, வழக்கமான பாறையில் ஏற்றி இறக்குங்கள். திரும்பத் திறக்கும்போது கோடு உடைந்திருந்தால் ஸ்லிப்பர் வழுக்கியிருக்கிறது. எங்குமே சிக்காமல் ஓட்டியும் கோடு விலகினால் நட்டை இன்னும் கால் சுற்று இறுக்குங்கள். ஸ்பர் கியர் தொட முடியாத அளவு சுட்டாலும் இதே வைத்தியம்தான்.

லாக் செய்வது யாருக்கு?

35 டர்ன், 45 டர்ன் பிரஷ்டு மோட்டார் (கம்பிச் சுற்று அதிகம், வேகம் குறைவு), 2எஸ் (இரண்டு செல்) பேட்டரி, உள்ளே எல்லாம் மெட்டல் கியர், நிதானமான ஓட்டம் என்றால் தாராளமாக லாக் செய்யலாம். ஸ்பிரிங்கை முழுக்க அமுக்கி விடலாம், அல்லது அதற்கென்றே விற்கும் லாக்கர் வாங்கிப் போடலாம். 3எஸ் (மூன்று செல்) பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் மோட்டார், கனமான டயர், பிளாஸ்டிக் கியர், ஆக்சியல் ரெய்த் மாதிரி வேகமாகத் தாவும் வண்டி என்றால் ஸ்லிப்பர் இருக்கட்டும்.

லாக் செய்கிறவர்கள் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யில் பஞ்ச் அளவை, அதாவது த்ராட்டில் கொடுத்ததும் பவர் பாயும் வேகத்தை, குறைத்துவிடுங்கள். டிரைவ் ஷாஃப்ட்டும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். உடைந்தால் சில ஸ்க்ரூவைக் கழற்றி அங்கேயே மாற்றிவிடலாம். அதையும் மெட்டலாக்கிவிட்டால் அடுத்த அடி ஆக்ஸிலுக்குள் இருக்கும் கியருக்குத்தான். அதை மாற்ற வண்டியில் பாதியைப் பிரிக்க வேண்டியிருக்கும்.