வைரல் ஆவதற்கு முன் கடையைத் தயார் செய்யுங்கள்: மும்பைச் சிறு வியாபாரிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வீட்டுச் சமையலறையிலிருந்து முறுக்கு, இட்லி மாவு, பொடி வகைகள். வாசல் திண்ணையிலிருந்து பூ. முன்னறையிலிருந்து பிளவுஸ் தையல். மும்பையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இப்படிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் தாராவி, மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி என்று எங்கும் இருக்கின்றன. "ரீல்ஸ் போட்டு வைரல் ஆவது எப்படி?" என்பதுதான் இவர்களில் பலர் இப்போது கேட்கும் கேள்வி. ஆசை நியாயமானதுதான். காசு செலவில்லாமல் லட்சம் பேர் கண்ணில் படுவது சிறு வியாபாரிக்கு முன்பெல்லாம் நினைத்துப் பார்க்கவே முடியாத ஒன்று. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். லட்சம் பேர் பார்ப்பதைவிட, உங்களிடம் வந்து வாங்கக்கூடிய ஐந்நூறு பேர் பார்ப்பதே சோறு போடும்.

தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் கை முறுக்கு சுற்றி விற்கும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். இரண்டு பேர் உழைத்தால் நாளொன்றுக்குப் பத்து கிலோ. அவருக்குச் சொல்வதுபோலவே ஒவ்வொரு படியையும் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் கொள்ளளவைக் கணக்குப் போடுங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு செய்ய முடியும்? சரக்கு எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? எவ்வளவு தூரம் அனுப்ப முடியும்? முறுக்கு தாங்கும், கூரியரில் டெல்லிக்கும் போகும். இட்லி மாவு புளித்துவிடும். செம்பூரில் மாவு அரைப்பவருக்கு போரிவிலியில் இருக்கும் ரசிகரால்கூடப் பெரிய பயன் இல்லை.

இப்போது அக்காவின் வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஆயிரத்தில் ஒருவர் அரைக் கிலோ கேட்டால்கூட 300 பேர், 150 கிலோ. பதினைந்து நாள் முழு உழைப்பு. அந்தப் பதினைந்து நாளும் வழக்கமாக வாங்கும் மாமிகளுக்கு முறுக்கு கிடையாது. காத்திருந்து சலித்தவர்கள் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் கொடுப்பார்கள். இந்தக் கணக்கைப் போடாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

இரண்டாம் படி: வாங்கும் வழியைச் சீராக்குங்கள்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018இல் இந்தியாவுக்கு வந்தது, இலவசம். குடும்ப எண்ணைக் கொடுக்காமல் தனி எண்ணில் இதைத் தொடங்குங்கள். அதில் இருக்கும் கேட்டலாக்கில் ஒவ்வொரு பொருளுக்கும் படம், எடை, விலை மூன்றையும் போடுங்கள். "விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்று எழுதுவது வாடிக்கையாளரை விரட்டும் பழக்கம். விலையை வெளியே வையுங்கள்.

தானாகப் போகும் பதில் ஒன்றை எழுதி வையுங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். கை முறுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டுகளில் கிடைக்கும். விலை கேட்டலாக்கில் உள்ளது. இன்று ஆர்டர் கொடுத்தால் மூன்றாம் நாள் அனுப்புவோம். சயான், மாட்டுங்கா, செம்பூருக்கு நேரடி டெலிவரி. மற்ற இடங்களுக்குக் கூரியர். எடை, முகவரி, பின்கோடு அனுப்புங்கள்."

இதையே இந்தியிலும் ஒன்று வையுங்கள். மும்பையில் உங்கள் முறுக்கை வாங்கப்போகிறவர்களில் பலர் குஜராத்திக்காரர்களாகவும் மராத்திக்காரர்களாகவும் இருப்பார்கள். உணவு விற்பவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவை முடித்து, அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிடுவதும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டிய வேலை.

மூன்றாம் படி: கூகுள் மேப்பில் இடம் பிடியுங்கள்

இன்ஸ்டாகிராமுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அலைபேசியில் "பக்கத்தில் முறுக்கு" என்று தேடுகிறவர் வாங்கும் எண்ணத்தோடு தேடுகிறார். ரீல்ஸ் பார்ப்பவர் பொழுதுபோக்குக்காகப் பார்க்கிறார். உங்கள் கடையை மேப்பில் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலும் இலவசம். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டலாம், அப்படியே செய்யுங்கள். பழைய வாடிக்கையாளர்களிடம் விமர்சனம் எழுதச் சொல்லுங்கள், ஆனால் அதற்குப் பதிலாகத் தள்ளுபடி கொடுக்காதீர்கள். கூகுள் விதிப்படி அது தவறு.

நான்காம் படி: முதல் வீடியோ

2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. உங்களைப் பின்தொடராதவர்களுக்கும் உங்கள் வீடியோவை அது காட்டும். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள், எத்தனை பேர் நண்பருக்கு அனுப்பினார்கள் என்பவை அதிகம் கணக்கில் வருகின்றன. ஆகவே "என் தங்கைக்கு இதை அனுப்ப வேண்டும்" என்று பார்ப்பவருக்குத் தோன்றவேண்டும்.

அக்காவுக்கு இதில் ஒரு பெரிய சொத்து இருக்கிறது: அவருடைய கை. துணியின்மேல் மாவை விரலால் முறுக்கி முறுக்கி, நடுவிலிருந்து ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று வளர்ப்பதைக் காண யாருக்கும் சலிக்காது. அதைத்தான் எடுக்கவேண்டும். வீடியோவின் முதல் நொடியிலேயே விரல்கள் வேலை செய்துகொண்டிருக்கட்டும். வணக்கமும் கடைப் பெயரும் பிறகு வரட்டும். பத்து நொடி சுற்றுதல், ஐந்து நொடி எண்ணெயில் பொரிதல், இரண்டு நொடி உடைத்துக் காட்டுதல் போதும்.

எடுக்கும்போது கவனிக்கவேண்டியவை: ஜன்னல் பக்கம் காலை வெளிச்சத்தில் எடுங்கள். எண்ணெய்ப் புகை லென்ஸில் படிந்து படம் மங்கும். ஒவ்வொரு முறையும் பருத்தித் துணியால் துடையுங்கள். கைபேசியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். திரையின் அடிப்பகுதியில் எழுத்துப் போடாதீர்கள். இன்ஸ்டாகிராமின் பொத்தான்களும் விளக்க வரியும் அதை மறைத்துவிடும். எண்ணெய் கொதிக்கும் ஓசையை அப்படியே விடுங்கள். வியாபாரக் கணக்குகளுக்குப் பிரபலமான பாடல்கள் பலவற்றைப் பயன்படுத்த அனுமதி இல்லை, தவிர, முறுக்கு உடையும் ஓசையைவிட நல்ல விளம்பரப் பாட்டு எது?

இட அடையாளத்தில் "மும்பை" என்று போடாமல் "தாராவி", "சயான்" என்று பேட்டைப் பெயரைப் போடுங்கள். விளக்கத்தில் முதல் வரியிலேயே என்ன பொருள், எங்கே கிடைக்கும் என்பது வந்துவிடட்டும்.

தினமும் போடவேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அடுப்படியில் பத்து மணி நேரம் நிற்பவரிடம் அதைச் சொல்வது கொடுமை. வாரம் இரண்டு போதும். ஒரே காலையில் நான்கைந்து துண்டுகள் எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டு வாரம் ஓடும்.

ஐந்தாம் படி: அக்கம்பக்கம்

மும்பையில் ஒவ்வொரு ஹவுசிங் சொசைட்டிக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். அங்கே இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் உங்களைப் பற்றி ஒரு வரி எழுதினால் அன்றைக்கே ஐந்து ஆர்டர் வரும். நீங்களாக நுழைந்து விளம்பரம் போடாதீர்கள். அட்மினின் அனுமதி கேளுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். எனவே பாக்கெட்டிலேயே "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒட்டுங்கள். விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி கொலு, தீபாவளி ஆகியவற்றுக்கு மூன்று வாரம் முன்பே செய்தி போகவேண்டும்.

ஆறாம் படி: எண்களில் எதைப் பார்ப்பது

பின்தொடர்பவர்களைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். அந்தப் போலிக் கணக்குகள் முறுக்கு தின்னா. இன்ஸ்டாகிராம் கணக்கை புரொஃபெஷனல் வகைக்கு மாற்றினால் இன்சைட்ஸ் பகுதி திறக்கும். அதில் எந்த ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். பிறகு எத்தனை பேர் சேமித்தார்கள், பகிர்ந்தார்கள் என்று பாருங்கள். ஆர்டர் தருபவரிடம் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் செயலியும் தராத தகவல் அது. நன்றாக ஓடிய வீடியோவுக்கு மட்டும் சில நூறு ரூபாய் விளம்பரச் செலவு செய்யலாம். அப்போது உங்கள் பகுதியைச் சுற்றிச் சில கிலோமீட்டர் என்று எல்லை வையுங்கள்.

ஏழாம் படி: ஒருநாள் வைரல் ஆகிவிட்டால்

முதல் ஒரு மணி நேரத்தில் செய்யவேண்டியது, தானியங்கிப் பதிலை மாற்றுவது: "ஆர்டர்கள் அதிகம். இன்று பதிவு செய்தால் இந்தத் தேதியில் அனுப்புவோம்." தேதியை முதல் படியில் போட்ட கணக்கிலிருந்து எடுங்கள். அன்றாட உற்பத்தியில் பாதியைப் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒதுக்கிவிட்டு மீதிக்கு மட்டும் புது ஆர்டர் எடுங்கள். அவசரத்தில் ஆளைச் சேர்த்து, அச்சில் பிழிந்ததைக் கை முறுக்கு என்று அனுப்பிவிடாதீர்கள். வீடியோவில் கையைப் பார்த்துத்தானே காசு அனுப்பினார்கள்.

மோசடிக்காரர்களும் அன்றே வருவார்கள். "காப்புரிமை மீறல், கணக்கு முடங்கும்" என்று இணைப்போடு வரும் செய்தியைத் திறக்காதீர்கள். கணக்கில் நுழைவதற்கான ஆறு இலக்க எண் (ஓ.டி.பி.) வந்தால் யாரிடமும் சொல்லாதீர்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை முன்பே போட்டுவையுங்கள். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால், வங்கிக் கணக்கில் வந்ததா என்று பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணைப் போடவேண்டியதே இல்லை. போடச் சொல்பவர் திருடர்.

கூட்டம் சில நாளில் வடிந்துவிடும். அந்த வீடியோ உங்கள் பக்கத்தின் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். அதன் மூலம் வாங்கியவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் தனி லேபிள் போடுங்கள். பேக்கிங் நன்றாக இருந்ததா, உடையாமல் வந்ததா என்று அவர்களிடம் ஒருமுறை விசாரியுங்கள். தீபாவளிப் பட்டியலை அவர்களுக்கு முதலில் அனுப்புங்கள்.