இரண்டு நட்சத்திரம், ஒரே மேடை: கூட்டு இசைப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு பெரிய பாடகர்கள் சேர்ந்து ஊர் ஊராகப் பாடப்போகிறார்கள் என்றதும் எல்லாரும் போடும் முதல் கணக்கு கூட்டத்தைப் பற்றியது. இவர் ரசிகர்களும் வருவார்கள், அவர் ரசிகர்களும் வருவார்கள், ஸ்டேடியம் நிரம்பிவிடும். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து மேலாளர், இசைக்குழு, சவுண்ட் இன்ஜினியர், லைட்டிங் ஆள், பாதுகாப்புப் படை, லாரிகள் என்று எல்லாமே இரண்டு செட் ஆகிவிடுகின்றன. மாலையில் கிடைக்கும் நேரம், அரங்கக் கூரை தாங்கும் எடை, ஸ்பீக்கர் அமைப்பு ஆகியவை மட்டும் ஒன்றே ஒன்றுதான். சண்டை வருவது அந்த ஒன்றுக்காகத்தான்.

முதல் தவறு: இரண்டு கச்சேரிகளை ஒட்டிவைப்பது

இவர் 75 நிமிடம், அவர் 75 நிமிடம், கடைசியில் இருவரும் சேர்ந்து கால் மணி நேரம். கேட்பதற்கு நியாயமான பங்கீடாகத் தெரியும். கடிகாரத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு மணிக்கு அறிமுகக் கலைஞர் அரை மணி நேரம். மேடை மாற்ற 20 நிமிடம். 7.50-க்கு முதல் நட்சத்திரம் ஏறி 9.05-க்கு இறங்குகிறார். அவருடைய டிரம்ஸ், கீபோர்டுகளை எடுத்து அடுத்தவருடையதை வைத்து ஒவ்வொரு இணைப்பையும் சோதிக்க 25 நிமிடம். 9.30 முதல் 10.45 வரை இரண்டாமவர். சேர்ந்து பாடி முடிக்கும்போது மணி 11. அரங்கத்தின் கெடு 11 என்றால் கையிருப்பு பூஜ்ஜியம். எங்காவது பத்து நிமிடம் தாமதமானால் வெட்டுப்படுவது கடைசியில் இருக்கும் ஜோடிப் பாடல். மக்கள் டிக்கெட் வாங்கியதே அதற்காகத்தான்.

கெடு வெறும் மிரட்டல் அல்ல. 2012 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடி முடித்து நன்றி சொல்லும்போது மைக்கை அணைத்துவிட்டார்கள். அங்கே கெடு இரவு 10.30. இந்தியாவில் திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விலக்கு கொடுத்தாலும் நள்ளிரவு வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எல்டன் ஜானும் பில்லி ஜோயலும் 1994 முதல் விட்டுவிட்டு நடத்திய பயணத்தில் இருவரும் ஆரம்பத்திலேயே இரண்டு பியானோக்களில் எதிரெதிரே உட்கார்ந்து சேர்ந்து பாடிவிடுவார்கள். பிறகு தனித்தனிச் சுற்று, முடிவில் மறுபடி சேர்க்கை. கடைசிப் பகுதி சுருங்கினாலும் ஜோடியைப் பார்க்கவில்லை என்று யாரும் புலம்ப முடியாது. இன்னொரு வழி பின்னிப் பின்னிக் கொடுப்பது. 2025-இல் கென்ட்ரிக் லமாரும் சிஸாவும் செய்தது இது: ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பல பகுதிகளாகப் பிரித்து, மாறி மாறி வந்து, இடையிடையே சேர்ந்தும் பாடினார்கள். 2024-இல் சார்லி எக்ஸ்சிஎக்ஸ், ட்ராய் சிவன் பயணமும் இதே பாணிதான். இந்த அமைப்பில் மேடை மாற்ற இடைவேளையே வேண்டாம். ஆனால் மேடை, லைட்டிங், வீடியோ எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரே நிகழ்ச்சியாக வடிவமைக்க வேண்டும். ஒத்திகைக்குத் தனிக் கச்சேரியைவிட அதிக நாள் ஒதுக்காமல் இதில் கைவைக்காதீர்கள்.

ஒருவர் முடித்து மற்றவர் ஏறும் பழைய முறைதான் என்று முடிவானால், இரண்டு இசைக்குழுவின் கருவிகளையும் சக்கரம் வைத்த மேடைப் பலகைகளில் நிரந்தரமாகப் பூட்டி, மைக் வயர்களோடு அப்படியே தள்ளிக்கொண்டு வரும்படி செய்யுங்கள். சவுண்ட் செக்கைத் தலைகீழ் வரிசையில் வையுங்கள். கடைசியில் பாடுகிறவர் முதலில் செக் செய்ய வேண்டும். முதலில் பாடுகிறவருடைய அமைப்பு அப்போதுதான் கலையாமல் நிற்கும். நம் பின்னணிப் பாடகர்கள் இருவர் ஒரே ஆர்க்கெஸ்ட்ராவோடு வெளிநாடு போகும் நிகழ்ச்சிகளில் இந்தத் தலைவலி பாதிகூட இருக்காது. அந்த ஏற்பாட்டைப் பழைய பாணி என்று இளக்காரமாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அதுதான் புத்திசாலித்தனம்.

ஒலியில் நடக்கும் கூத்து

இரண்டு சவுண்ட் இன்ஜினியர்கள், இரண்டு மிக்ஸர்கள், ஒரே ஸ்பீக்கர் அமைப்பு. முதலில் வந்தவர் 98 டெசிபலில் முடித்தால் அடுத்தவர் 101-இல் தொடங்குவார். தன் ஆள் சின்னதாகத் தெரியக்கூடாதே. மூன்றாவது ஊருக்குள் அது போட்டியாகிவிடும். 15 நிமிடச் சராசரிக்கு ஓர் உச்ச அளவை ஒப்பந்தத்திலேயே எழுதி, மீட்டரை இரு தரப்புக்கும் பொதுவான ஆளிடம் கொடுங்கள்.

வயர்லெஸ் இதைவிட வம்பானது. ஒவ்வொரு அணியும் மைக்குகளும் காதுக்குள் வைக்கும் மானிட்டர்களுமாக இருபது முப்பது சேனல்களோடு வரும். தன் அலைவரிசைப் பட்டியலைத் தனியாகப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். ஆனால் 520.0, 520.6 மெகாஹெர்ட்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் ஓடினால், இரண்டும் கலந்து 519.4-லும் 521.2-லும் போலிச் சமிக்ஞைகள் பிறக்கும். அடுத்த அணியின் மைக் 521.2-இல் இருந்தால் பாட்டின் நடுவே கரகரப்பு. ஒவ்வோர் ஊரிலும் இரண்டு பட்டியலையும் சேர்த்துக் கணக்கிட்டு அலைவரிசை ஒதுக்க ஒரே ஆள் வேண்டும். ‘அவர்கள் பட்டியல் வரட்டும், பார்க்கலாம்’ என்று விட்டால் நிகழ்ச்சி நாள் மதியம்தான் அது வரும்.

ஜோடிப் பாடலுக்கு ஒரே இசைக்குழு, ஒரே கிளிக் டிராக் (தாளம் பிசகாமலிருக்கக் காதில் ஒலிக்கும் டிக் டிக்), ஒரே சுருதி. இவருக்கு எட்டும் சுருதி அவருக்கு எட்டாது. எத்தனை அரைச்சுரம் இறக்குவது என்பதை ஒத்திகையின் முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் திரைக் காட்சிக்குப் பதிவு செய்த ஒலி எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும். லைட்டும் வீடியோவும் பாட்டோடு ஒத்துப்போக டைம்கோடு என்ற நேரக் குறியீட்டில் ஓடுவதால், தலைமைக் கணினி யாருடையது, பாதியில் அதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

கூரையும் நெருப்பும்

இரண்டு வடிவமைப்பாளர்கள் தனித்தனியே வரைந்தால் இரண்டு எடைப் பட்டியல் வரும். கூரை தாங்க வேண்டியது கூட்டுத்தொகையை. அதையும் மொத்த டன்னாக மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு தொங்கு புள்ளியிலும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வடிவமைப்புக்கு ஒப்புதல் கொடுக்குமுன் இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கி, பயணத்திலேயே பலவீனமான கூரை உள்ள அரங்கத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 2003-இல் ஜஸ்டின் டிம்பர்லேக், கிறிஸ்டினா அகிலெரா பயணத்தில் அட்லாண்டிக் சிட்டி அரங்கில் விளக்குக் கட்டமைப்பு சரிந்து விழுந்து ஒலிக் கருவிகள் நொறுங்கின. சில தேதிகள் தள்ளிப்போயின. இரண்டு பேருக்கும் தொங்குவது ஒரே கட்டமைப்பு என்றால், விழும்போது போவதும் இருவரின் நிகழ்ச்சிதான்.

நெருப்பு விளைவுகளில் எல்லாரும் படிக்க வேண்டிய பாடம் ராக் உலகத்தில் இருக்கிறது. 1992 ஆகஸ்ட் 8, மான்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியம். மெட்டாலிகாவும் கன்ஸ் அன்ட் ரோசஸும் சேர்ந்து நடத்திய பயணம். புதிதாகத் தீச்சுடர்கள் சேர்த்திருப்பதாக மெட்டாலிகா பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டிடம் சொல்லியிருந்தார்கள். பழையவையும் அப்படியே எரியும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. பழைய சுடர் வரும் இடத்திலேயே போய் நின்றார்; கையில் கடும் தீக்காயம். மெட்டாலிகா பாதியில் நிறுத்தியது. அடுத்த குழு முன்கூட்டியே ஏறத் தயாராக இல்லை, கூட்டம் நெடுநேரம் காத்துக்கிடந்தது. கடைசியில் அவர்களும் சீக்கிரமே முடித்துக்கொள்ள, கலவரம் வெடித்தது. தவறு இரண்டு. எது மாறியது என்று மட்டும் சொன்னார்கள், எது மாறவில்லை என்று சொல்லவில்லை. ஒருவர் பாதியில் இறங்கினால் அடுத்தவர் எத்தனை நிமிடத்தில் ஏறுவார் என்ற திட்டமும் இல்லை. தீச்சுடர் ஒன்றை நகர்த்தினால்கூட அன்று மாலையே பாடகரை மேடைக்குக் கூட்டிவந்து, ஒவ்வொரு இடத்தையும் காலால் மிதித்துக் காட்டச் செய்யுங்கள்.

பணம், பெயர், ஆட்கள்

பாதிப் பாதி என்பார்கள். எதில் பாதி என்று கேளுங்கள். அரங்கச் செலவும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் பங்கும் போக ஓர் இரவுக்கு 27 லட்சம் டாலர் நிற்கிறது என்று வைப்போம். பொதுச் செலவு 8 லட்சம் கழித்தால் ஆளுக்கு 9.5 லட்சம். ஒருவர் 20 நடனக் கலைஞர்களோடு வருகிறார், மற்றவர் ஒரு டிஜேயோடு. நடனக் குழுவின் 2 லட்சத்தையும் பொதுச் செலவில் தள்ளினால் டிஜேக்காரருக்கு ஓர் இரவுக்கு 1 லட்சம் நட்டம். 30 இரவில் 30 லட்சம். எது பொது, எது சொந்தம் என்ற பட்டியலில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகே டிக்கெட் விற்பனையை அறிவியுங்கள். போஸ்டரில் எந்தப் பெயர் முதலில், எழுத்து என்ன அளவு, எந்த ஊரில் யார் கடைசியில் ஏறுவது என்பதும் அதே தாளில் வரட்டும்.

ஆட்களை ஒன்றாக நிர்வகிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2004-இல் ஜே-ஸீயும் ஆர். கெல்லியும் போன பயணத்தைப் பாருங்கள். லைட்டிங் சரியாக வரவில்லை என்ற தகராறில் செயின்ட் லூயிஸிலேயே கெல்லி பாதியில் வெளியேறினார். அக்டோபர் 29 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், கூட்டத்தில் துப்பாக்கி தெரிகிறது என்று சொல்லி மேடையை விட்டு இறங்கியவர் மேல், திரும்பி வரும் வழியில் ஜே-ஸீ தரப்பு ஆள் ஒருவர் மிளகு ஸ்பிரே அடித்தார். மறுநாளே கெல்லி பயணத்திலிருந்து நீக்கப்பட்டார், பதிலுக்கு 7.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். மேடைக்குப் பின்னால் இரண்டு பாதுகாப்புத் தலைவர்கள் இருக்கவே கூடாது. நுழைவு அட்டை ஒரே வகை, கொடுப்பவர் ஒருவர், இரு தரப்பின் மெய்க்காவலர்களும் அவருக்குக் கட்டுப்பட்டவர்கள்.

ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால்? 2009-இல் எல்டன் ஜான் காய்ச்சலில் படுத்தபோது பில்லி ஜோயலுடனான தேதிகளைத் தள்ளித்தான் போட்டார்கள். டிக்கெட்டில் இரண்டு பெயர் இருக்கும்போது ஒருவரை மட்டும் மேடையேற்றினால், பாதிப் பணம் கேட்டு வரிசை நிற்கும். தள்ளிவைப்பதா, ஒருவரை வைத்து நடத்தி விரும்புகிறவர்களுக்கு முழுப் பணம் திருப்புவதா என்பதை விற்பனைக்கு முன்பே தீர்மானித்து டிக்கெட் நிபந்தனையில் அச்சிடுங்கள். கலைஞர் வராமை காப்பீட்டில் இரண்டு பெயரும் தனித்தனியாக இருக்கிறதா, ஒருவர் மட்டும் வராவிட்டாலும் இழப்பீடு கிடைக்குமா என்று பாலிசியைப் பிரித்துப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.